தாய்மார் நலத் தேவையும் சேவையும் கணக்கெடுக்குற முறை: நெல்லைப் பக்கம் ஒரு பிளாக்குல ஆரம்பிச்சு மாநிலம் வரைக்கும்

இந்த வேலைக்குப் புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் சறுக்குதாங்க. ஃபார்ம் கைக்கு வந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி எத்தன கட்டில், எத்தன டாக்டர், ஸ்கேன் மெஷின் ஓடுதான்னு எண்ணிட்டு வந்துருதாங்க, அப்புறம் கடைசி வாரத்துல அவசர அவசரமா ஊருக்குள்ள போயி கையில அகப்பட்ட பத்துப் பொம்பளைங்கள்ட்ட கேட்டு முடிச்சிருதாங்க. தேவை என்னன்னு தெரியாம சேவைய எண்ணுனா அது வெறும் ஸ்டாக் ரிஜிஸ்டர்தான். அதனால நான் சொல்லுத வரிசை தலைகீழா இருக்கும்: முதல்ல எண்ணிக்கை, அடுத்து பிள்ளைத்தாச்சி, அப்புறம் அவ அலைஞ்ச பாதை, அதுக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி வாசல்.

மாநிலம் முழுக்க செய்யப் போறவங்களும் ஒரு பிளாக்க முழுசா செஞ்சு பாத்துட்டு மேல போங்க. கீழ உள்ள கணக்கெல்லாம் 1,20,000 பேர் இருக்குற ஒரு பிளாக்க வச்சு போட்டது.

1. கேள்விய ஒத்த வரில எழுதி சுவத்துல ஒட்டுங்க

"தாய்மார் நலம் எப்படி இருக்கு"ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. இந்தக் கணக்க யாரு வாங்கி என்ன முடிவு எடுக்கப் போறாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஆம்புலன்ஸ எந்த ஊர்ல நிறுத்தலாம்னு பாக்குறவருக்கு வேண்டிய தகவல் வேற, ரத்தச் சேமிப்பு நிலையத்த எந்த ஜி.எச்.சுக்கு குடுக்கலாம்னு யோசிக்கிறவருக்கு வேண்டியது வேற.

நம்ம மாநிலத்துக்குன்னு இன்னொரு விசயம் இருக்கு. தேசிய குடும்ப நல ஆய்வு ஐந்தாவது சுற்றுல (2019-21) தமிழ்நாட்டுல 99.6 சதவீதம் பேறுகாலம் ஆஸ்பத்திரிலதான் நடந்துருக்கு. அப்போ "வீட்டுலயா ஆஸ்பத்திரிலயா"ன்னு கேட்டு ஒரு பக்கத்த வீணாக்க வேண்டாம். அதே ஆய்வுல சிசேரியன் 44.9 சதவீதம், பிள்ளைத்தாச்சிங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. அங்கனதான் கேள்வி இருக்கு. நான் எப்பவும் எழுதி ஒட்டுற வரி: "ராத்திரி பத்து மணிக்கு ஒருத்திக்கு ரத்தப்போக்கு வந்தா, ரத்தம் ஏத்துற இடத்துக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேருவா?" இதுக்குப் பதில் தேடிப் போனாலே பாதி ஃபார்ம் தன்னால நிரம்பிரும்.

2. கிளம்புறதுக்கு முன்னால கையில இருக்க வேண்டியது

முதல்ல அனுமதி. ஒரு லெட்டர் வாங்குனா எல்லா கதவும் தொறக்கும்னு நெனைக்காதீங்க. பி.எச்.சி.யும் (ஆரம்ப சுகாதார நிலையம்) துணை சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறை, தாலுகா ஜி.எச்.சும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியும் மருத்துவப் பணிகள் துறை, நம்ம ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, அதாவது நெல்லை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்வித் துறை. மூணு துறைக்கு மூணு லெட்டர். ஒண்ணு குறைஞ்சாலும் அங்க போய் நின்னப்புறம் "ரிஜிஸ்டர தொடாதீங்கம்மா"ன்னு சொல்லிருவாங்க, அவங்க மேலயும் தப்பில்ல. எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு இது எல்லாத்துக்கும் முன்னாலயே போட்டுருங்க, ஏன்னா அதுதான் ரொம்ப நாள் இழுக்கும்.

பாபநாசத்துக்கு மேல காரையாறு, சேர்வலாறு, மயிலாறு பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போகணும்னா வனத்துறை அனுமதி தனி. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது. செக்போஸ்ட்ல நின்னுக்கிட்டு ஆபீசுக்கு போன் போட்டுட்டு இருந்தா அன்னைக்கு நாள் அங்கனயே முடிஞ்சிரும்.

அடுத்து ஆளு. கேக்குறவங்க பொம்பளைங்களா இருக்கணும், நம்ம பக்கத்துப் பேச்சு தெரியணும், ஆனா அதே ஊர்க்காரியா இருக்கக் கூடாது. சொந்தக்காரி காதுக்குப் போயிரும்னு கலைஞ்ச பிள்ளையப் பத்தியோ கலைச்ச பிள்ளையப் பத்தியோ வாயே தொறக்க மாட்டாங்க. ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க. ஒருத்தி மருமகள்ட்ட கேள்வி கேக்கணும், இன்னொருத்தியோட முழுநேர வேலை மாமியார திண்ணைல உக்கார வச்சு ஊர்க்கதை பேசுறது. சிரிக்காதீங்க, இந்த ரெண்டாவது ஆள் இல்லாத டீம் கொண்டு வர்ற ஃபார்ம்ல எல்லாம் மாமியார் பதில்தான் இருக்கும்.

ரத்த அளவு பாக்குற மீட்டரும் பி.பி. மெஷினும் கொண்டு போறதா இருந்தா ஒண்ணு முடிவு பண்ணிட்டுப் போங்க. ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 7க்குக் கீழ வந்தா, இல்ல பி.பி. 140/90க்கு மேல நின்னா, அடுத்த நிமிசம் யாருக்குப் போன் போடணும்? அந்தப் பதில் கையில இல்லன்னா மீட்டர வீட்டுலயே வச்சிருங்க. அளந்து எழுதிட்டு சும்மா எந்திரிச்சு வர்றது பாவம்.

3. எல்லைய முதல்ல தீத்துக்கோங்க

இத செய்யாம விட்டவங்களோட ரிப்போர்ட்டு ஒண்ணு கூட தேறுனதில்ல. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டமா பிரிஞ்சிருச்சு. ஆனா குடும்ப நல ஆய்வு ஐந்தாவது சுற்றுல "திருநெல்வேலி"ன்னு இருக்குறது 2017 மார்ச் மாச எல்லைப்படி, அதாவது தென்காசி, சங்கரன்கோயில், செங்கோட்டை எல்லாம் சேந்த பழைய மாவட்டம். 2011 சென்சஸ்ல வர்ற 30,77,233 பேரும் பழைய மாவட்டத்துக்குத்தான். இந்த எண்ண இப்ப இருக்குற திருநெல்வேலி பிறப்பு எண்ணிக்கையோட வகுத்தா பாதிப் பிள்ளத்தாச்சிங்க காத்துல கரைஞ்ச மாதிரி தெரியும். நான் முத தடவ அப்படித்தான் வகுத்தேன், ஒரு வாரம் "பதிவு ரொம்ப மோசம்"னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன், வெக்கக்கேடு.

இன்னொண்ணு, சுகாதாரத் துறைக்குன்னு தனி எல்லை உண்டு, சுகாதார மாவட்டம்னு சொல்லுவாங்க. மாவட்டம் பிரியுறதுக்கு முன்னாலயே திருநெல்வேலி ஒண்ணு, சங்கரன்கோவில் ஒண்ணுன்னு ரெண்டா இருந்துச்சு. எந்த எண்ண எடுத்தாலும் பக்கத்துலயே "எந்த எல்லை, எந்த வருசம்"னு ரெண்டு கட்டம் போட்டு எழுதுங்க.

ஜனங்களுக்கு எல்லை கிடையாது. பணகுடி, ராதாபுரம் பக்கத்துல உள்ளவங்களுக்கு நாகர்கோவில் கிட்ட, கேஸ் முத்துனா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் வண்டிய விடுவாங்க. ஆலங்குளத்துக்காரங்க தென்காசி மாவட்டம், ஆனா ஓடி வர்றது ஐகிரவுண்டுக்கு. அதனால ஆஸ்பத்திரி லிஸ்ட் போடும்போது பக்கத்து மாவட்டத்த சேக்காம விட்டா உங்க பிளாக்கு பொம்பளைங்க எங்கயோ மாயமா போயி பிள்ள பெத்துட்டு வந்த மாதிரி இருக்கும்.

4. எத்தன பேர் இருக்கணும்னு முன்னாலயே போட்டு வைங்க

ரிஜிஸ்டர பாக்குறதுக்கு முன்னாலயே நீங்களா ஒரு எண்ணு எழுதி வைக்கணும். ஏன்னா ரிஜிஸ்டர முதல்ல பாத்துட்டா அதுதான் சரின்னு மனசு ஒத்துக்கிரும்.

மத்திய அரசோட மாதிரிப் பதிவு முறை (எஸ்.ஆர்.எஸ்.) கணக்குப்படி 2020ல தமிழ்நாட்டுல ஆயிரம் பேருக்கு 13.8 பிறப்பு. 1,20,000 பேருக்கு வருசத்துக்கு சுமார் 1,656 பிள்ளைங்க. கலையுறதுக்கும் கலைக்கிறதுக்கும் பத்து சதவீதம் சேத்தா சுமார் 1,820 கர்ப்பம். எந்த ஒரு நாள்ல போய் எண்ணுனாலும் நோட்டுல பதிஞ்சு இருக்க வேண்டிய பிள்ளைத்தாச்சிங்க இதுல சுமார் பாதி, 900 சொச்சம். பேறுகாலத்துல 15 சதவீதத்துக்கு ஏதாவது சிக்கல் வரும்னு வச்சுக்கிட்டா 250 பேர். 5,000 பேர் இருக்குற ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு இதே கணக்கு 69 பிறப்பு, 76 கர்ப்பம், ஒரு நாள்ல 38 பேர். புது வருசத்துப் பிறப்பு வீதம் கிடைச்சா அதப் போடுங்க.

இப்ப பிக்மில, அதாவது பிள்ளைத்தாச்சிங்கள பதியுற அரசு கம்ப்யூட்டர் பதிவுல, உள்ள எண்ணிக்கைய பக்கத்துல வைங்க. அதுல பதிஞ்சா கிடைக்குற ஆர்.சி.எச். நம்பர் இல்லாம பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாதுங்குறதால நம்மூர்ல பதிவு நல்லாவே இருக்கும். கம்மியா இருந்தா பிரைவேட்டுக்குப் போறவங்க லேட்டா பதிஞ்சுருப்பாங்க, இல்லன்னா வெளியூர்க் கூலிக் குடும்பங்க விட்டுப் போயிருக்கும். கூடுதலா இருந்தாலும் சந்தேகப்படுங்க. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது நம்ம வழக்கம், சில சமயம் மாமியார் ஊர் நர்சம்மா நோட்டுலயும் அவ இருப்பா, தாய் ஊர் நர்சம்மா நோட்டுலயும் இருப்பா. இதுக்கு மாறா ரெண்டு நர்சம்மாவும் "அவ இங்க இல்ல, அங்க"ன்னு விட்டுருக்கவும் செய்யலாம். அந்த நாலஞ்சு மாசம்தான் ரொம்ப ஆபத்தான காலம், அப்பதான் அவ யாரு பொறுப்புலயும் இல்லாம இருக்கா.

அதனால ஃபார்ம்ல ஊர் பேருக்கு மூணு கட்டம் வைங்க: பதிஞ்ச ஊர், பேறுகாலத்துக்குக் கிளம்புன ஊர், இப்ப இருக்குற ஊர். இந்த மூணு கட்டத்த மட்டும் வச்சே ஒரு நல்ல அத்தியாயம் எழுதலாம்.

5. ஊர் தேர்வு

ஊராட்சி, வார்டு எல்லாத்தையும் மக்கள்தொகையோட ஒரு பட்டியல் போட்டு கூட்டிக்கிட்டே வாங்க. 1,20,000ஐ 30ஆல வகுத்தா 4,000. ஒண்ணுல இருந்து 4,000க்குள்ள குலுக்கி ஒரு எண் எடுங்க, 2,715ன்னு வந்துச்சுன்னா அந்தக் கூட்டுத்தொகை எந்த ஊர்ல விழுதோ அது முத ஊர், அடுத்தது 6,715, அடுத்தது 10,715, இப்படியே 30. பெரிய ஊருக்கு விழுற வாய்ப்பு அதிகம், அதனால கடைசில சதவீதம் போடும்போது தனியா எடை போட வேண்டியதில்ல.

ஒவ்வொரு ஊர்லயும் கடைசி பன்னெண்டு மாசத்துல பேறுகாலம் ஆன ஏழு பேர். மொத்தம் 210. ஏன் 210ன்னா, பாதிப் பேர்ட்ட இருக்குற ஒரு விசயத்த பத்து சதவீதம் முன்னப்பின்ன சொல்றதுக்கு சுமார் நூறு பேர் போதும், ஆனா ஒரே ஊர்க்காரங்க ஒரே மாதிரி இருப்பாங்கங்குறதால அத ரெண்டு மடங்கு ஆக்கணும். இத வச்சு பிளாக்க பத்திப் பேசலாம். "இந்த ஊர் மோசம், அந்த ஊர் நல்லது"ன்னு ஏழு பேர வச்சு பேசக் கூடாது. எல்லாரும் பேசுவாங்க, நீங்க பேசாதீங்க.

500 பேர் இருக்குற சின்ன ஊர்ல வருசத்துக்கே ஏழு பேறுகாலம்தான், அங்க எல்லார் வீட்டுக்கும் போகணும், பத்தலன்னா பக்கத்து ஊரோட சேத்துக்கோங்க. "நேத்து ராத்திரி இந்த வீட்டுல படுத்தவ" யாரா இருந்தாலும் கணக்குல சேருவா, தாய்வீட்டுக்கு வந்தவளும் சேத்திதான். இந்த விதி இல்லன்னா மாமியார் ஊர்ல "இல்ல"ன்னும் தாய் ஊர்ல "இது அவ ஊர் இல்ல"ன்னும் விட்டுருவீங்க.

காணிக் குடியிருப்பு மாதிரி சின்ன இடங்க இந்தக் குலுக்கல்ல விழவே விழாது. இஞ்சிக்குழி மாதிரி அணைக்கு அங்குட்டு உள்ள ஊர்ல ஒருத்திக்கு வலி வந்தா என்ன ஆகும்ங்குறது தனிக் கேள்வி, அங்க தனியா போங்க, தனியா எழுதுங்க, பிளாக்கு சராசரில கலக்காதீங்க. செங்கச்சூளை, கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் குடும்பமா தங்கியிருக்குற வடநாட்டுக்காரங்களுக்கும் இதேதான், இந்தி பேசுற ஒரு பிள்ள கூட வரணும்.

6. வீட்டுக்குள்ள போறது

எப்ப போறதுங்குறதுலதான் பாதி வேலை. பிசான நெல் நடவு நேரத்துல போனா காலைல வீடெல்லாம் பூட்டிக் கிடக்கும். கோயில் கொடை நடக்குற வாரம் போனா வீடு நிறைய விருந்தாளிங்க, யாரு இந்த ஊர் யாரு வெளியூர்னு பிரிக்க முடியாது. முக்கூடல், மேலப்பாளையம் மாதிரி பீடி சுத்துற ஊர்னா கடைக்கு பீடி கொண்டு போற நேரம் என்னன்னு விசாரிச்சுட்டுப் போங்க, அந்த நேரத்துல யாரும் நிக்க மாட்டாங்க.

பீடித்தட்டு மடியில இருக்கும்போது "கொஞ்சம் நிறுத்துங்க"ன்னு சொல்லவே கூடாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னுதான் கூலி, நம்ம கேள்விக்கு ஒரு மணி நேரம் போச்சுன்னா அவளுக்கு அது காசு. பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துருங்க, கை அது பாட்டுக்கு சுத்தும், வாய் பேசும்.

அப்படி ஒரு வீட்டுல உக்காந்து கேட்டேன், "சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்க்கா"ன்னுட்டா, கண்ண தூக்காமலே. கூட வந்த பிள்ள டிக் அடிக்கப் போச்சு, நான் கையப் புடிச்சுட்டு "மிச்சம் இருந்தா காட்டும்மா, தேதி பாக்கணும்"னேன். பரண்ல பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால இருந்து எடுத்தா, ஒம்போது அட்டை, பிரிக்காம. "வயிறு எரியுதுக்கா, வெளிக்கு கருப்பா போவுது, பிள்ளையும் கருப்பாயிரும்னு ஆச்சி வேண்டாம்னுட்டாவ." அன்னையிலருந்து எங்க ஃபார்ம்ல "சாப்பிட்டீங்களா" கிடையாது. "எத்தன அட்டை குடுத்தாங்க, எத்தன மிச்சம் இருக்கு, காட்டுங்க" மட்டும்தான். 180 மாத்திரை குடுத்தாச்சுன்னு ரிஜிஸ்டர் சொல்றதும் உண்மை, அது பரண்ல இருக்குறதும் உண்மை.

கேக்குற வார்த்தைய உள்ளூர்ல இருந்து எடுங்க. "கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் இருந்ததா"ன்னா முழிப்பாங்க. "கால் மூஞ்சி வீங்குச்சா, கண்ணு மங்குச்சா, தலைவலி விடாம இருந்துச்சா, வலிப்பு வந்துச்சா"ன்னு கேளுங்க. ஃபோர்செப்ஸ்னு சொல்லாம "ஆயுதம் போட்டு எடுத்தாங்களா"ன்னு கேட்டா எல்லாருக்கும் புரியும். கடைசியா குளிச்ச (மாதவிலக்கு வந்த) தேதி தெரியாதுன்னா நாள் காட்டிய விடுங்க, ஆனித் தேருக்கு முன்னயா பின்னயா, ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையன் கோயிலுக்குப் போனப்ப நாள் தள்ளிருந்துச்சா, நோம்பு நேரமா, உவரித் திருவிழாவான்னு பிடிச்சு வாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள வந்து நின்னுரும்.

ஒரு பெரிய தப்பு இருக்கு. ஊருக்குள்ள போனதும் "கைப்பிள்ள இருக்குற வீடு எது"ன்னு கேப்பாங்க. பிள்ள செத்துப் பொறந்தவ, பொறந்து செத்தவ, அஞ்சாம் மாசம் கலைஞ்சவ எல்லாம் அந்தக் கேள்வியிலயே விழுந்துருவாங்க, அவங்களுக்குத்தான் சேவை ரொம்ப தவறிருக்கும். "இந்த ஒரு வருசத்துல மாசமா இருந்தவங்க யாரு யாரு"ன்னு கேளுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் கடைசியா "15ல இருந்து 49 வயசுக்குள்ள பொம்பளை யாரும் தவறிட்டாங்களா"ன்னு மெதுவா கேளுங்க. செத்தவ வந்து பதில் சொல்ல மாட்டா.

7. பாதைய மணி போட்டு எழுதுங்க

சிக்கல் வந்தவங்க கிடைச்சா அவசரப்படாதீங்க, இதுக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்க. 1994ல தடியஸ், மெயின்னு ரெண்டு பேர் சொன்ன மூணு தாமதம்தான் இன்னைக்கும் அடிப்படை: போகணும்னு முடிவெடுக்குறதுல, போய்ச் சேர்றதுல, போனப்புறம் வைத்தியம் கிடைக்குறதுல.

கடலோர ஊர் ஒண்ணுல எட்டு மாசத்துல ரத்தம் கண்டவளோட பாதைய இப்படி எழுதுனோம். 9.40 ரத்தம் பாத்தது. புருசன் கடலுக்குப் போயிருந்தாரு, அண்ணன் வந்து ஆட்டோ ஏறும்போது 10.25. முத ஆஸ்பத்திரி 10.50. அங்க இருந்து சீட்டு எழுதிக் கிளம்புனது 12.15. ரெண்டாவது ஆஸ்பத்திரி 1.50. ரத்தம் ஏத்த ஆரம்பிச்சது 3.05. ஆளு பிழைச்சுக்கிட்டா. ஊர்க்காரங்களும் சரி ஆபீசருங்களும் சரி "வீட்டுல லேட் பண்ணிட்டாங்க"ன்னுதான் சொன்னாங்க. கூட்டிப் பாருங்க: வீட்டுல 45 நிமிசம், ரோட்டுல ரெண்டு மணி நேரம், ரெண்டு ஆஸ்பத்திரிக்குள்ளயும் சேத்து ரெண்டு மணி நாப்பது நிமிசம். பேறுகாலம் ஆனப்புறம் வர்ற ரத்தப்போக்கா இருந்துருந்தா ரெண்டு மணி நேரமே உயிருக்கு எல்லை.

மணி ஞாபகம் இல்லன்னு சொல்லுவாங்க. போன்ல கால் ஹிஸ்டரி இருக்கும், ஆட்டோக்காரருக்குப் போட்ட கால், 108க்குப் போட்ட கால், எல்லாத்துலயும் நேரம் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டையும் ரெஃபரல் சீட்டையும் வாங்கிப் பாத்துட்டு அவங்க கையிலயே திருப்பிக் குடுத்துருங்க.

8. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போங்க

கட்டில எண்ணாதீங்க, கடைசி மூணு மாசத்துல என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2009ல வெளியிட்ட கையேட்டுல ஏழு வேலை இருக்கு: ஊசி வழியா ஆன்டிபயாடிக், கர்ப்பப்பை சுருங்குற மருந்து, வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட், நஞ்சுக்கொடிய கையால எடுக்குறது, மிச்சம் மீதிய சுத்தம் பண்றது, ஆயுதம் இல்லன்னா வேக்கம் போட்டு எடுக்குறது, பிள்ளைக்கு மூச்சு வரவைக்குறது. ஏழும் செஞ்சா அடிப்படை நிலையம். சிசேரியனும் ரத்தம் ஏத்துறதும் சேந்தா முழு நிலையம், நம்மூர்ல சீமாங்க்னு சொல்றது. 5 லட்சம் பேருக்கு இப்படி குறைஞ்சது அஞ்சு, அதுல ஒண்ணாவது முழு நிலையமா இருக்கணும். மூணு மாசம்னு வச்சதுக்குக் காரணம், "எங்களால முடியும்"ங்குற பதில ஏத்துக்கக் கூடாது, ரிஜிஸ்டர்ல செஞ்ச தேதி இருக்கணும்.

கண்ணால பாருங்க. ஆக்சிடோசின் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அது ஃப்ரிட்ஜ்லயா இல்ல டிரேலயான்னு பாருங்க, நம்ம சித்திரை வெயில்ல டிரேல கிடந்த மருந்து வேலை செய்யாமப் போக வாய்ப்பு அதிகம். ஒரு இடத்துல மெக்னீசியம் எல்லாம் பீரோல அடுக்கி அழகா இருந்துச்சு, எங்க லிஸ்ட்ல பெரிய டிக். ராத்திரி ஒம்போது மணிக்குத் திரும்பப் போய் "இப்ப ஒரு வலிப்புக் கேஸ் வந்தா எடுத்துக் காட்டுங்க"ன்னு கேட்டோம். சாவி பார்மசிஸ்ட் வீட்டுல. அந்த ஸ்டாஃப் நர்ஸ் முகத்த இப்பவும் மறக்க முடியல, அவ எத்தன தடவ இத சொல்லியிருப்பாளோ. ராத்திரி விசிட் இல்லாத ஆஸ்பத்திரிக் கணக்கு பாதிக் கணக்குதான். சிசேரியனுக்கும் அதே மாதிரி தியேட்டர் ரிஜிஸ்டர எடுத்து ராத்திரி எட்டு மணிக்கு மேல எத்தனன்னு மட்டும் எண்ணுங்க, மயக்க டாக்டர் இருக்காரா இல்லையான்னு யாரையும் கேக்காமலே தெரிஞ்சிரும்.

பகல்ல பி.எச்.சி.க்குப் போறதா இருந்தா பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை ஏ.என். கிளினிக் (பிள்ளைத்தாச்சி செக்கப்) நடக்கும், ஒரே நாள்ல நிறையப் பேர பாக்கலாம். ஆனா கூட்டத்துல வச்சு யார்ட்டயும் கேள்வி கேக்காதீங்க, நர்சம்மா காதுல விழுற தூரத்துல யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

பிரைவேட்ட விட்டுராதீங்க. 2019-21ல தமிழ்நாட்டு பிரைவேட் ஆஸ்பத்திரி பேறுகாலத்துல 63.8 சதவீதம் சிசேரியன், கவர்மெண்டுல 36.0. ஐ.எம்.ஏ.ங்குற டாக்டர் சங்கத்தோட கிளை மூலமா முதல்ல பேசிட்டுப் போனா ரிஜிஸ்டர் பாக்க விடுவாங்க, நேரா போனா ரிசப்ஷனோட திரும்பணும்.

9. காசு

2011ல இருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி கவர்மெண்டு ஆஸ்பத்திரில பேறுகாலம், மருந்து, சாப்பாடு, போக வர வண்டி எல்லாம் இலவசம். அதனால "செலவாச்சா"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் வரும். ஆட்டோ எவ்வளவு, கூட இருந்தவ சாப்பாடு எவ்வளவு, யாருக்காவது கையில குடுத்தீங்களா, எத்தன நாள் பீடிக்கூலி போச்சுன்னு பிரிச்சுக் கேளுங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல பணமும் சத்துப் பெட்டகமும் சேத்து 18,000 ரூபாய், அதுல எந்தத் தவணை வந்துச்சு, எது நிக்குது, ஏன். கல்யாணத்துக்கு முன்ன இருந்த இனிஷியல்ல பேங்க் புக்கு, புருசன் பேருல ஆதார், இதுலயே நின்னு போன தவணைய நான் நிறைய பாத்துருக்கேன்.

10. மரணத்த பிளாக்குல வகுக்காதீங்க

தாய் மரண விகிதம்னா லட்சம் உயிர்ப் பிறப்புக்கு எத்தனன்னு. மாசமா இருக்கும்போதோ அது முடிஞ்ச 42 நாளுக்குள்ளயோ, அந்தக் கர்ப்பத்தோட சம்பந்தப்பட்ட காரணத்தால நடந்தா கணக்கு. 2018-20ல தமிழ்நாட்டுக்கு 54. நம்ம பிளாக்குல 1,656 பிறப்பு, 54 விகிதத்துல போட்டா வருசத்துக்கு ஒண்ணு கூட வராது. ஒரு வருசம் பூஜ்யம்னா "சாதனை", அடுத்த வருசம் ரெண்டுன்னா "பேரழிவு", ரெண்டுமே அர்த்தமில்லாத பேச்சு. மாவட்டத்துக்கே, பதினாறரை லட்சம் பேருக்கு, சுமார் பன்னெண்டு சாவு வரும், அதுவும் வருசத்துக்கு வருசம் நாலஞ்சு ஏறி இறங்குறது சாதாரணம்.

அதனால பிளாக்குல சாவு நடந்துருந்தா அத தனிக் கதையா, பாதையோட எழுதுங்க, விகிதம் போடாதீங்க. எண்ணிக்கை வேணும்னா நூலிழைல தப்பிச்சவங்கள எண்ணுங்க: ரத்தம் நாலஞ்சு பாட்டில் ஏறுனவ, வலிப்பு வந்தவ, கர்ப்பப்பைய எடுத்தவ, ஐ.சி.யூ.ல கிடந்தவ. அவங்க உயிரோட இருக்காங்க, பேசுவாங்க.

11. சேத்து வச்சுப் பாக்குறதும் மேல கொண்டு போறதும்

ஒரு பெரிய பேப்பர்ல இடது பக்கம் தேவை: 250 சிக்கல் எதிர்பார்ப்பு, ரத்தசோகை எத்தன பேர், ராத்திரி கிளம்புனவங்க எத்தன பேர். வலது பக்கம் கடைசி பன்னெண்டு மாசத்துல உங்க லிஸ்ட்ல உள்ள ஆஸ்பத்திரிங்க இந்த பிளாக்குக்காரங்களுக்குப் பாத்த சிக்கல் கேஸ் எத்தன. 250க்கு 90தான்னா மிச்சப் பேர் எங்க போனாங்கன்னு தேடுங்க. கொஞ்சப் பேர் லிஸ்ட்ல விட்டுப்போன பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல கிடைப்பாங்க, மீதிதான் உண்மையான ஓட்டை.

மாநிலத்துக்குப் போகும்போது 38 மாவட்டத்தையும் கடற்கரை, மலை, டெல்டா, வறண்ட பகுதி, பெருநகரம்னு பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் மாவட்டம் குலுக்கி, அதுக்குள்ள பிளாக்கு, அதுக்குள்ள ஊர். எல்லா வகையிலயும் ஒரே எண்ணிக்கை எடுத்தீங்கன்னா கடைசில மக்கள்தொகைப்படி எடை போட்டுத்தான் மாநில சதவீதம் சொல்லணும், இல்லன்னா நீலகிரியும் சென்னையும் சமம்னு ஆயிரும். ஃபார்ம்ல உள்ள உள்ளூர் வார்த்தைகளையும் மாத்துங்க. நம்ம "பேறுகாலம்" கோயம்புத்தூர்ல எடுபடாது.

ரிப்போர்ட்ட பிரிண்டுக்கு அனுப்புறதுக்கு முன்னால பிளாக்குல உள்ள எல்லா நர்சம்மாவையும் ஒரு நாள் கூப்பிட்டு வரைபடத்த விரிச்சு வைங்க. "இந்தக் குடியிருப்புக்கு மழைக்காலத்துல ஆட்டோ போவாதுங்க, நீங்க கோடையில வந்திய"ன்னு ஒருத்தங்க சொல்லுவாங்க, இன்னொருத்தங்க உங்க லிஸ்ட்லயே இல்லாத ஒரு தெருவ காட்டுவாங்க. சிவப்புப் பேனா அவங்க கையில குடுத்துருங்க. அவங்க திருத்துன பேப்பரோட திரும்ப ஒரு தடவ ஊருக்குப் போயி பாத்துட்டு வர்றதுக்கு ரெண்டு வாரம் பட்ஜெட்ல முன்னாலயே போட்டு வைங்க.